பயனாளி எண் ஒன்றின் கன்னங்கள்

என் முகத்தில் கோளாறு என்று எதுவும் இருந்ததில்லை. கன்னம் இரண்டும் ஒட்டிப்போயிருக்கும், அவ்வளவுதான். பத்தாவது படிக்கும்போதே அப்படித்தான் இருந்தது, ஐம்பத்தொரு வயதில் இன்னும் கொஞ்சம் உள்ளே போய்விட்டது. வேறு தொழிலில் இருந்திருந்தால் யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். நான் லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு மாடி அலுவலகக் கட்டடம். லிஃப்ட்டுக்குள் நின்று ஒரு பொத்தானைச் சும்மா துடைத்துக்கொண்டிருந்தால்கூட, உள்ளே வருகிறவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னங்க, ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்பார்கள். பதிலுக்குக் காத்திராமல் படிக்கட்டுப் பக்கம் நடந்துவிடுவார்கள். நிர்வாகத்துக்கு இரண்டு புகார்கள் போயிருந்தன. லிஃப்ட்டைப் பற்றி இல்லை, என் முகத்தைப் பற்றி.

என் மச்சினி ஒரு தோல் மருத்துவமனையில் நர்ஸ். புகார் விஷயம் கேள்விப்பட்டதும் அவள்தான் வழி சொன்னாள்.

"கன்னத்துல ஃபில்லர் போட்டுக்கோங்க மாமா. ஜெல் மாதிரி ஒண்ணு. ஊசியில ஏத்துவாங்க. அரை மணி நேர வேலை. கன்னம் கொஞ்சம் மேடாகும், முகத்துல ஒரு தெளிவு வரும்."

"இந்த வயசுல எனக்கு எதுக்கும்மா அழகு?"

"அழகெல்லாம் வராது மாமா, பயப்படாதீங்க."

என் மனைவி பக்கத்தில்தான் இருந்தாள். "போட்டுக்கோங்களேன். இருபத்தாறு வருஷமா துக்கம் விசாரிக்க வந்த மாதிரியே ஒரு மூஞ்சியைப் பார்த்துட்டு இருக்கேன்" என்றாள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை போட்டுக்கொண்டேன். அலுவலகத்தில் பல் பிடுங்கப் போகிறேன் என்று சொல்லி விடுப்பு எடுத்திருந்தேன். டாக்டரம்மா கெட்டிக்காரி, பேச்சும் சுருக்கம். எப்போது உடற்பயிற்சிக்குத் திரும்பலாம் என்று நானே கேட்டேன். கேட்டதற்குக் காரணம் இருந்தது, சொல்கிறேன்.

"ரெண்டு நாள், அதாவது நாற்பத்தெட்டு மணி நேரம், ஓட வேண்டாம். வெயிட் தூக்க வேண்டாம், தலையைக் கீழே தொங்கப்போடற எதுவும் வேண்டாம். முகத்தை அழுத்தாதீங்க, தேய்க்காதீங்க. நீராவிக் குளியல் ரெண்டு வாரத்துக்குக் கூடாது. அப்புறம் முதல்ல நடங்க, மெதுவா கூட்டுங்க. வலி அதிகமானாலோ, தோல் வெளுத்துப்போனாலோ, பார்வை மங்கினாலோ உடனே இங்கே வந்துடணும், யோசிக்கவே கூடாது. மத்தபடி உங்க உடம்பு உங்களுக்கே சொல்லும்."

இதையே ஒரு சீட்டில் ஆறு வரியாக எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஆறு வரி. இந்த எண்ணிக்கையை நான் ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்பது போகப்போகத் தெரியும்.

இப்போது காரணத்துக்கு வருகிறேன். எங்கள் கட்டடத்தில் வருடத்துக்கு ஒருமுறை மாடிப்படி ஓட்டம் நடக்கும். இருவர் இருவராக ஓட வேண்டும். ஒருவர் ஊழியர், ஒருவர் குடும்பத்து ஆள். முதல் ஆள் தரையிலிருந்து பதினொன்றாம் மாடி வரை, அங்கே கைப்பட்டையை வாங்கிக்கொண்டு இரண்டாம் ஆள் உச்சி வரை. என் மனைவி சீருடை தைக்கும் கூடத்தில் துணி வெட்டுகிறவள். நாள் முழுக்க நின்று நின்று இரண்டு வருடத்துக்கு முன் முழங்கால் பிடித்துக்கொண்டது. சரியாக்குவதற்காக வேலை முடிந்து எங்கள் கட்டடத்துக்கு வந்து படி ஏற ஆரம்பித்தாள். முதல் மாதம் ஒரு மாடி. பிறகு மூன்று. இந்த வருடம் பதினொன்று, அதுவும் ஓடி.

"கல்யாணம் ஆன நாள்ல இருந்து நாம ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்சது வரிசையில நிக்கறது ஒண்ணுதான்" என்றாள் ஒரு நாள், எட்டாவது மாடிப் படியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டே. "கேஸ் வரிசை, ஆஸ்பத்திரி வரிசை, பள்ளிக்கூட வரிசை. இந்த ஒரு தடவை சேர்ந்து ஓடிடுவோம்."

சரி என்றேன். ஓட்டத்துக்கு இன்னும் பதினாறு நாள் இருக்கையில்தான் ஊசி போட்டுக்கொண்டேன். இரண்டு நாள் ஓய்வு, மீதி நாள் பயிற்சி. கணக்கு சரியாகத்தான் இருந்தது.

வெள்ளிக்குப் பிறகு நான்கு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை மாலை, கீழ்த்தளத்து உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போனேன். முகம் லேசாகக்கூட வீங்கியிருக்கவில்லை. வாசலில் ஒரு இயந்திரம் இருக்கிறது. அட்டையைக் காட்டினால் திரையில் ஒரு கேள்வி வரும்: "கடந்த முப்பது நாட்களில் மருத்துவ அல்லது அழகுச் சிகிச்சை எதுவும் மேற்கொண்டீர்களா?" பன்னிரண்டு வருடமாக 'இல்லை' என்று அழுத்தி உள்ளே போயிருக்கிறேன். அன்று, கேட்கிறார்களே, பாதுகாப்புக்காகத்தானே கேட்கிறார்கள் என்று 'ஆம்' என்று அழுத்தினேன்.

இயந்திரம் கொஞ்ச நேரம் திகைத்து நின்றது. பிறகு சிவப்பு விளக்கு எரிந்தது. அந்த இயந்திரத்தில் சிவப்பு விளக்கு இருக்கிறது என்பதே அன்றுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

கூடத்தின் பயிற்சியாளரை நாங்கள் பயில்வான் என்று கூப்பிடுவோம். அவர் ஓடி வந்தார். "என்னண்ணே பண்ணீங்க? 'ஆம்'னா அழுத்தினீங்க?"

"ஆமா. உண்மைதானே?"

பயில்வான் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "அந்தக் கேள்வியை யாருண்ணே படிக்கிறாங்க? அஞ்சாவது மாடி மேனேஜர் வருஷத்துக்கு ரெண்டு தடவை நெத்திக்கு ஊசி போட்டுக்கறார். 'இல்லை'ன்னு அழுத்திட்டு, டாக்டர் சொன்ன ரெண்டு நாளை வீட்டுல இருந்துட்டு வந்து ஓடறார். உங்க அட்டை பூட்டிக்கிச்சு. இனிமே படிக்கட்டுப் பயிற்சியும் கிடையாது, ஓட்டத்துக்கு எண்ணும் தரமாட்டாங்க. பத்தொன்பதாவது மாடிக்குப் போய்க் குழுவைப் பாருங்க."

அப்படித்தான் நான் அந்தக் குழுவுக்குப் போய்ச் சேர்ந்தேன். அதன் முழுப்பெயர் "முகப்பகுதி நிரப்புச் சிகிச்சை பெற்றோர் உடற்பயிற்சிக்குப் பாதுகாப்பாகத் திரும்புதல் குறித்த நிலையான ஆலோசனைக் குழு". கதவில் பெயர்ப்பலகைக்கு இடம் போதாமல் பக்கத்து அறைக் கதவிலும் தொடர்ந்திருந்தார்கள். உள்ளே மூன்று பேர். நடுவில் தலைவர், இடது பக்கம் குறிப்பேட்டோடு செயலாளர், வலது பக்கம் கழுத்தில் அளவு நாடாவோடு ஒருவர். அவர் முக அளவையாளர்.

"ஃபில்லர் போட்டிருக்கேன் ஐயா" என்று நான் சொன்னதுதான் தாமதம், மூவரும் எழுந்து நின்றுவிட்டார்கள். செயலாளரின் கண் கலங்கியிருந்தது.

"உட்காருங்க, உட்காருங்க" என்றார் தலைவர். "மூணு வருஷமா இந்தக் குழு இயங்குது. முப்பத்தொன்பது கூட்டம் போட்டிருக்கோம். நூற்றுப்பத்துப் பக்கத்துக்கு வழிகாட்டு நெறிமுறை வகுத்திருக்கோம். முதல் முறையா ஒரு மனுஷன் வந்திருக்கீங்க!"

எனக்குப் பிஸ்கட் கொடுத்தார்கள். மெல்லும்போது கன்னம் அசைகிறது என்று அளவையாளர் சொன்னதும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

நான் டாக்டரின் சீட்டை எடுத்து வைத்தேன். தலைவர் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். திருப்பி, பின்பக்கத்தைப் பார்த்தார். "இவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் ஐயா. நாற்பத்தெட்டு மணி நேரம் போட்டிருக்காங்க. அது ஞாயித்துக்கிழமையே முடிஞ்சுபோச்சு."

"எந்த நாற்பத்தெட்டு மணி நேரம்?" என்றார் செயலாளர்.

எனக்குக் கேள்வி விளங்கவில்லை.

"அலுவலக நேரமா, வீட்டு நேரமான்னு டாக்டர் குறிப்பிடலையே. நம்ம விதிப்படி நேரம்னா அலுவலக நேரம்தான். ஒரு நாளைக்கு எட்டு மணி. நாற்பத்தெட்டை எட்டால வகுத்தா ஆறு வேலை நாள். சாப்பாட்டு இடைவேளையைக் கழிச்சா ஏழு."

"ஐயா, என் கன்னம் ராத்திரியும் ஆறுமே?"

"அதுக்கு ஆதாரம் இருந்தா தாக்கல் பண்ணுங்க" என்றார் தலைவர், மிகவும் கனிவாக.

அளவையாளர் நாடாவோடு வந்து என் கன்னங்களை அளந்தார். இடது கன்னம் வலதைவிட இரண்டு மில்லிமீட்டர் குறைவாம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் தலைவரின் கன்னத்தை அளந்தார்கள். அங்கே ஐந்து மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தது. அதைக் குறிப்பில் சேர்க்க வேண்டாம் என்று ஒருமனதாக முடிவாயிற்று. என் இடது கன்னத்துக்கு மட்டும் ஒரு துணைக்குழு அமைத்தார்கள். அதே மூவர்தான், நாற்காலி மட்டும் மாறி உட்கார்ந்தார்கள்.

புறப்படும்போது நான் தயங்கித் தயங்கி, "ஐயா, இந்த விஷயம் வெளியில தெரியாம இருந்தா நல்லது. பல்லுன்னு சொல்லித்தான் லீவு போட்டேன்" என்றேன்.

"இரகசியம்தான் நம்ம குழுவோட உயிர்மூச்சு" என்றார் தலைவர். "உங்க பேரை நாங்க உச்சரிக்கவே மாட்டோம். இன்னைல இருந்து நீங்க பயனாளி எண் ஒன்று."

மறுநாள் காலை எல்லா மாடி அறிவிப்புப் பலகையிலும் ஒரு தாள் ஒட்டியிருந்தது: "லிஃப்ட் மெக்கானிக்கின் கன்னங்கள் தொடர்பான இரகசியக் கூட்டம், அறை 1907, பிற்பகல் மூன்று மணி. தொடர்பில்லாதவர்கள் கலந்துகொள்ள வேண்டாம் எனக் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்." தொடர்பில்லாத பதினான்கு பேர் வந்திருந்தார்கள். என் கழுத்தில் ஒரு மஞ்சள் அட்டையை மாட்டிவிட்டார்கள். அதில் ஒரு முகம் வரைந்து கன்னத்தில் மட்டும் வண்ணம் பூசியிருந்தது. அடையாளம் தெரியாமல் இருப்பதற்காகத்தான் அது என்று செயலாளர் விளக்கினார். மாலைக்குள் தேநீர்க்கடைக்காரர்கூட "வாங்க எண் ஒன்று" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

எனக்கான திட்டத்தை அன்றுதான் வாசித்தார்கள். முதல் கட்டம்: மூன்று நாள் மற்றவர்கள் உடற்பயிற்சி செய்வதைப் பார்ப்பது. இரண்டாம் கட்டம்: நிற்கும் சைக்கிளில் ஏறி உட்கார்ந்து, மிதிக்காமல் இறங்குவது. மூன்றாம் கட்டம்: கண்ணை மூடிக்கொண்டு நடப்பதாக நினைப்பது. நினைக்கும் வேகம் மணிக்கு நான்கு கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது. இவை எல்லாவற்றுக்கும் பொதுவான நிபந்தனையாக, சிரிப்பு கன்னத் தசைக்கான உடற்பயிற்சி என்பதால் ஒரு நாளைக்கு இரண்டு முறைக்கு மேல் சிரிக்கக்கூடாது. சிரித்த நேரத்தையும் காரணத்தையும் பதிவேட்டில் எழுத வேண்டும். முதல் நாள் பதிவேடே என் மனைவியால் கெட்டுப்போனது. வீட்டில் அதை எடுத்துப் படித்துவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் நான் ஒன்பது முறை விதியை மீறினேன்.

ஆனால் நான்கு நாளானதும் அவளுக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று. அவள் மட்டும் தனியாகப் படியேறிப் பழகிவிட்டு வந்து காலைத் தேய்த்துக்கொண்டிருப்பாள். என்னைக் கேட்கமாட்டாள். அவள் கேட்காமல் இருந்ததுதான் எனக்கு வேதனை.

இதில் எனக்குப் புரியாத விஷயம் ஒன்று இருந்தது. உடற்பயிற்சி கூடாது என்ற அதே நாட்களில் நான் ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டடத்தின் உச்சிக்குப் படியேறிக்கொண்டிருந்தேன். எங்கள் இரண்டு லிஃப்ட்டில் ஒன்று உதிரிபாகத்துக்காக எட்டு மாதமாகக் காத்திருக்கிறது. மற்றது வாரத்துக்கு மூன்று தடவை நின்றுவிடும். நின்றால் இருபது கிலோ கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, இருபத்திரண்டாம் மாடிக்கு மேலே இருக்கும் இயந்திர அறைக்கு நான்தான் ஏற வேண்டும். டாக்டரிடம் தொலைபேசியில் கேட்டேன். "ஒரு வாரம் ஆச்சுல்ல, வலியில்ல, வீக்கமில்ல, தாராளமா ஏறுங்க, ஓடவும் ஓடுங்க" என்றார். அதைக் குழுவிடம் சொல்லி, நியாயத்தையும் கேட்டேன்.

தலைவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "நல்ல கேள்வி. உடற்பயிற்சிங்கறது ஆரோக்கியத்துக்காகச் செய்யறது. அதனால அதுல ஆபத்து இருக்கு, குழு தேவைப்படுது. வேலைங்கறது சம்பளத்துக்காகச் செய்யறது. அதுல ஆரோக்கியம் எங்கப்பா வருது? வேலை செஞ்சு உங்க கன்னத்துக்கு ஏதாவது ஆனா அது வேற துறை."

"அப்ப நானும் என் மனைவியும் சேர்ந்து, நான் பெட்டியைத் தூக்கிட்டுப் படி ஏறினா?"

செயலாளர் நெறிமுறையைப் புரட்டினார். "மனைவியோட பேசிக்கிட்டே ஏறினா அது பொழுதுபோக்கு. பேசாம ஏறினா வேலை."

"கல்யாணமானவங்கதானே, பேசாம ஏறுவாங்க" என்றார் அளவையாளர். மூவரும் சிரித்தார்கள். அவர்கள் சிரிப்பைப் பதிவேட்டில் யாரும் எழுதவில்லை.

ஓட்டத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை கடைசியாக ஒரு முறை போய் நின்றேன். எனக்கு இதற்கு முன் யாரிடமும் கெஞ்சிப் பழக்கமில்லை. அன்று கெஞ்சினேன். என் மனைவியின் முழங்காலைப் பற்றிச் சொன்னேன், ஒரு மாடியிலிருந்து பதினொன்றுக்கு வந்த கதையைச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் மட்டும் அட்டையைத் திறந்துவிடுங்கள் என்றேன். தலைவர் உருகிப்போனார். உருகியபடியே, இரண்டாம் கட்டத்தில் நான் சைக்கிளிலிருந்து அனுமதியில்லாமல் இடது பக்கமாக இறங்கியிருப்பதால் முதல் கட்டத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டியிருக்கும் என்றார்.

அன்றிரவு விஷயத்தைச் சொன்னபோது என் மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள். தண்ணீரைக் கொட்டிவிட்டுத் திரும்பினாள். "என் எண்ணைக் கொடுத்துட்டாங்க இல்ல? நான் என் பாதியை ஓடறேன். பதினொன்னாவது மாடியில வந்து நில்லுங்க. பட்டையை உங்க கையில கொடுத்துட்டு நின்னுக்கறேன். அதுக்கு மேல அவங்க பாடு."

ஞாயிற்றுக்கிழமை காலை வேலைச் சட்டையைப் போட்டுக்கொண்டு பதினொன்றாம் மாடியில் நின்றேன். சுற்றிலும் இரண்டாம் பாதி ஓடப்போகிறவர்கள் காலை உதறிக்கொண்டும் தோளைச் சுழற்றிக்கொண்டும் இருந்தார்கள். நான் மஞ்சள் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு சுவரோரமாக நின்றிருந்தேன்.

கீழே தலைவர் கையில் மைக்கோடு பேசியது எல்லா மாடி ஒலிபெருக்கியிலும் கேட்டது. "உடல்நலமே நமது மூலதனம்" என்று ஆரம்பித்துப் பதினெட்டு நிமிடம் பேசினார். விசில் ஊதினார். படிக்கட்டு முழுவதும் காலடிச் சத்தம் எழுந்தது. ஓடுகிறவர்களுக்கு முன் உச்சிக்குப் போய் முடிவுக்கோட்டு நாடாவைப் பிடிக்க வேண்டும் என்பதால் குழுவினர் மூவரும் லிஃப்ட்டில் ஏறினார்கள். மைக்கை அணைக்க மறந்துவிட்டார்கள்.

லிஃப்ட் என்னைக் கடந்து மேலே போயிற்று. பதினான்குக்கும் பதினைந்துக்கும் நடுவில் அது நின்ற சத்தம் எனக்குப் பழக்கமான சத்தம். அடுத்த நொடி என் தொலைபேசி அடித்தது.

"லிஃப்ட் நின்னுபோச்சுப்பா!" என்றார் தலைவர். தொலைபேசியிலும் கேட்டது, இருபத்திரண்டு மாடி ஒலிபெருக்கியிலும் கேட்டது. "சீக்கிரம் ஓடி வா!"

"பயப்படாதீங்க ஐயா. விளக்கும் விசிறியும் ஓடும், காத்து வரும், ஒண்ணும் ஆகாது. நான் மேல போய் இறக்கிவிடறேன். ஆனா ஓடறதுக்குத்தான் எனக்கு அனுமதி இல்லையே."

"யோவ், இது வேலைய்யா!"

"வேலைன்னா நடந்து வரேன் ஐயா. கால் மணி ஆகும். வேலையில ஓடலாம்னு எந்த விதியிலயும் இல்ல. ஓடினா அது உடற்பயிற்சி. நீங்கதான் சொன்னீங்க."

நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை. சத்தியமாக, பத்து நாளில் எனக்கு எது வேலை, எது உடற்பயிற்சி, எது பொழுதுபோக்கு என்று எதுவுமே தெரியாமல் போயிருந்தது. என்னைச் சுற்றி நின்றவர்கள் எல்லாரும் காலை உதறுவதை நிறுத்திவிட்டு ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்தார்கள்.

"ஐயா, மூணு பேரும் இங்கேயே இருக்கோம். கூட்டம் நடத்தத் தேவையான எண்ணிக்கை இருக்கு" என்றது செயலாளரின் குரல். "அவசரத் தீர்மானம் போட்டுடலாம். நாற்பத்தெட்டாவது கூட்டம், இடம்: லிஃப்ட். முதல்ல போன கூட்டத்தோட குறிப்பை வாசிச்சு ஏத்துக்கணும்."

"வாசிச்சதா வச்சுக்கோய்யா!"

"ஆபத்து மதிப்பீடு?" என்றது அளவையாளரின் குரல். "இப்ப ஓடினா அவரோட கன்னத்துக்கு ஏதாவது ஆகிட்டா?"

"ஒரு மண்ணும் ஆகாது!" தலைவர் அலறினார். "ரெண்டு நாள் முடிஞ்சப்பவே அந்த ஆளு ஓடியிருக்கலாம்யா! அந்த டாக்டர் சீட்டே போதும். ஆறு வரியில எல்லாத்தையும் எழுதியிருந்துச்சு!"

"இதைக் குறிப்புல எழுதட்டுமா ஐயா?"

"எழுதாதே!"

"அப்ப நாம எதுக்கு ஐயா அவரைப் பிடிச்சு வச்சிருந்தோம்?" அளவையாளருக்கு உண்மையிலேயே சந்தேகம் போலிருந்தது.

"மூணு வருஷமா ஒரு ஈ காக்கா வரல. இந்த வருஷத்தோட குழுவைக் கலைக்கறதா இருந்தாங்க. வந்த ஒரே ஆளையும் சீட்டைப் பார்த்துட்டு அனுப்பிச்சுட்டா, அப்புறம் நமக்கு என்ன வேலை? அறையைப் பிடுங்கிடுவாங்க, உன் நாடாவையும் பிடுங்கிடுவாங்க!"

படிக்கட்டில் ஓடிக்கொண்டிருந்தவர்களே கொஞ்சம் வேகத்தைக் குறைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன், என் மனைவியைத் தவிர. அவள் எதையும் காதில் வாங்காமல் ஓடிக்கொண்டிருந்தாள்.

செயலாளர் தீர்மானத்தை வாசித்தார்: "பயனாளி எண் ஒன்று, பதினொன்றாம் மாடியிலிருந்து இருபத்திரண்டாம் மாடி வரை ஓடலாம். ஆனால் அது ஓட்டமாகக் கருதப்படாது. ஒருமனதாக நிறைவேற்றப்பட்டது."

அவர் 'நிறைவேற்றப்பட்டது' என்று சொல்லி முடிக்கவும் படிக்கட்டுத் திருப்பத்தில் என் மனைவி தலை தெரியவும் சரியாக இருந்தது. அவளுக்கு முன்னால் இரண்டே பேர். முகமெல்லாம் சிவந்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கைப்பட்டையை நீட்டியபடி வந்தாள். நான் அங்கே வாங்கிக்கொண்டு நிற்பதற்காகத்தான் இருக்கிறேன் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

"ஓடலாமாம்!" என்று கத்தினேன்.

"அப்ப ஏன் நிக்கறீங்க? ஓடுங்க!"

ஓடினேன். ஓடிப் பழகாத கால் முதல் மூன்று மாடிக்கு முனகியது. பிறகு வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஏறிய படிகள் என்னை அடையாளம் கண்டுகொண்டன. பதினாலாவது மாடியில் ஒருவரைத் தாண்டினேன். லிஃப்ட் கதவுக்குப் பின்னாலிருந்து "யாரோ ஓடற சத்தம் கேக்குது" என்றார் அளவையாளர். "ஓட்டம்னு சொல்லாதே" என்றார் செயலாளர். பத்தொன்பதில் இன்னொருவரைத் தாண்டினேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே ஓடினேன். கன்னம் இரண்டும் நன்றாகத்தான் இருந்தன.

உச்சியில் பயில்வான் கையில் கடிகாரத்தோடு நின்றார். நாடாவைப் பிடிக்க வேண்டியவர்கள் லிஃப்ட்டுக்குள் இருந்ததால் அறுப்பதற்கு நாடா இல்லை. கோட்டைத் தாண்டினேன். "முதல் ஆளுண்ணே! ஆறு நிமிஷம் நாற்பது வினாடி!" என்று கத்தினார். நான் நிற்கவில்லை. அவரையும் இழுத்துக்கொண்டு இயந்திர அறைக்கு ஏறினேன். மின்சாரத்தை நிறுத்தி, பிரேக் நெம்புகோலை அவரைப் பிடிக்கச் சொல்லி, கைச்சக்கரத்தை மெதுவாகச் சுற்றினேன். லிஃப்ட் பதினான்காம் மாடியில் வந்து நின்றது. இறங்கிப் போய்ச் சாவி போட்டுக் கதவைத் திறந்தேன்.

மூவரும் வியர்த்து வழிந்து வெளியே வந்தார்கள். மாடி முழுக்க ஆட்கள் கூடி நிற்பதைப் பார்த்து, வரவேற்புக்கு என்று எண்ணித் தலைவர் கும்பிட்டார். பிறகுதான் கையிலிருந்த மைக்கின் பச்சை விளக்கைக் கவனித்தார்.

யாரும் அவர்களை ஒன்றும் கேட்கவில்லை. எல்லோரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "எந்த டாக்டர் அது?" என்று காதோரம் கேட்டவர்கள் மட்டும் ஏழு பேர்.

முடிவு அறிவிக்கும்போது சிக்கல் வந்தது. நாங்கள்தான் முதலில் வந்தோம் என்பதற்குப் பயில்வானின் கடிகாரம் சாட்சி. ஆனால் நான் ஓடியது ஓட்டமாகக் கருதப்படாது என்று தீர்மானம் இருக்கிறது. தீர்மானத்தை ரத்து செய்தால், அதை எந்தச் சூழ்நிலையில் போட்டார்கள் என்று விவாதிக்க வேண்டிவரும். குழு அங்கேயே கூடி ஆராய்ந்தது. எங்கள் இருவரில் நான் ஓடவில்லை என்று தீர்மானமே இருப்பதால், ஓடியவர் ஒருவராகத்தான் இருக்க முடியும் என்ற முடிவுக்கு வந்தது. மறுநாள் அறிவிப்புப் பலகையில் இப்படி வந்தது: "மாடிப்படி ஓட்டம், முதல் பரிசு: லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி. இருபத்திரண்டு மாடிகளையும் தனியாளாக ஆறு நிமிடம் நாற்பது வினாடியில் ஓடிக் கடந்தார்."

கோப்பையை மேசையில் வைத்துவிட்டு என் மனைவி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அதில் மகிழ்ச்சி இல்லை. "நீங்க ஓடலைன்னு எழுதியிருக்காங்களே" என்றாள். "நான் மட்டும் ஓடறதுக்கா ரெண்டு வருஷம் இந்தக் காலோட மல்லுக்கட்டினேன்?"

இரண்டு வாரம் கழித்து வீட்டுக்கு ஒரு தபால் வந்தது, அவள் பேருக்கு. ஒரு சாதாரணப் பெண்மணி இவ்வளவு வேகமாக இருபத்திரண்டு மாடி ஓடியது இதுவரை நடந்திராத ஒன்று என்பதால், "அசாதாரண வேகத்தில் படியேறுவோர் பாதுகாப்பு ஆய்வுக் குழு" என்று ஒன்றை அமைத்திருக்கிறார்களாம். தலைவர், செயலாளர், அளவையாளர் என்று கீழே மூன்று கையெழுத்து. அவள்தான் முதல் பயனாளி. இணைத்திருந்த படிவத்தில் ஒரே ஒரு கேள்வி: "இந்த வேகம் உங்களுக்கு எவ்வாறு சாத்தியமாயிற்று? உண்மையை மட்டும் எழுதவும்."

அவள் பேனாவைத் தேடினாள்.

"வேண்டாம்மா" என்று கையைப் பிடித்தேன். "உண்மையை எழுதினா விடமாட்டாங்க. என்னைப் பார்த்தே இல்ல? 'தெரியாது'ன்னு எழுதிடு. இல்லேன்னா தீர்மானத்தை மாத்தணும், முடிவை மாத்தணும், அதுக்கு ஒரு குழு போடுவாங்க. உன் காலை அளப்பாங்க. நாம சாகற வரைக்கும் கூட்டம் போடுவாங்க."

"போடட்டும்" என்றாள். என் கையை விலக்கிவிட்டு, வெட்டுத்துணியில் கோடு போடுகிற அதே நிதானத்தோடு எழுதினாள்: "பாதி நான் ஓடினேன். பாதி என் வீட்டுக்காரர் ஓடினார்."

கீழே கையெழுத்துப் போட்டாள். கொஞ்சம் யோசித்தாள். பக்கத்தில் இடம் விட்டு, பேனாவை என்னிடம் நீட்டினாள்.